மூன்றாவது கடைக்காரர்

1

இந்தக் கதை, பால் பொங்கியதால் பாதியில் நின்ற ஒன்று. என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சாமி, தலை முழுக்கப் புண்ணோடு, முடி வெட்டிக்கொள்ள ஒரு தெருவுக்கு வருகிறார். முதல் கடைக்காரர் கதவைச் சாத்துகிறார். இரண்டாமவர் நாளைக்கு வரச் சொல்கிறார். மூன்றாமவர்... அடுப்பை அணைக்க எழுந்து போனாள். திரும்பி வந்ததும் வேறு எதையோ பேசினோம். இப்போது கேட்க அவள் இல்லை.

மூன்றாமவர் என்ன செய்தார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம்: "காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் அந்தச் சலூனை..." வேண்டாம்.

இன்னொன்று: "சலூன்காரர் ஷட்டரைத் தூக்கினார். பின்னாலேயே அவர் மனைவி..."

[அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். அவளைப் பேசவைக்க எனக்கு வரவில்லை. எடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரு அக்காவைக் கொடுத்திருக்கிறேன். அதே சாமி கதையைச் சின்ன வயதில் அவருக்குச் சொன்னவள்.]

3

ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. எதிரே ஏசி போட்ட கடை வந்த பிறகு பெஞ்சு பெரும்பாலும் காலி. விடாமல் வருகிறவர்களில் ஒருவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். அவர் காதில் விழுந்த எதுவும் மாலைக்குள் தெருவைச் சுற்றி வந்துவிடும்.

அன்று ஒருவர் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். தலைத்தோல் செதில்செதிலாக உரிந்து, அங்கங்கே சிவந்திருந்தது.

"ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, தம்பி. எதிர்க்கடையில வேணாம்னுட்டாங்க. நாளைக்கு என் மக வெளியூர்லேர்ந்து வர்றா. இந்தக் கோலத்துல பாத்தா பயந்துருவா."

பெஞ்சில் இருந்த ரேடியோ குரலைத் தாழ்த்தவில்லை. "அண்ணே, அதே கத்திரிதான் எனக்குமா?"

இப்படிப்பட்ட தலையில் மெஷின் ஓட்டக்கூடாது. சீப்பும் கீறிவிடும். முடியை விரலிடுக்கில் எடுத்துக் கத்தரிக்க வேண்டும். தொடாமல் முடியாது. தொட்டால் ரேடியோ போய்விடுவார். அவரோடு தெருவும் போய்விடும்.

சலூன்காரர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நழுவினார். [இந்த ஆளை நம்பி ஒரு கதை எழுதலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான்.]

"அக்கா, சாமி முடி வெட்ட வந்த கதை சொல்லுவியே. கடைசியில என்ன ஆச்சு?"

"குக்கர் வெச்சிருக்கேன். இப்பப் போய் இதைக் கேக்கறியே, லூசாடா நீ?"

"சொல்லுக்கா. மூணாவது ஆளுக்கு சாமி ஏதாவது குடுத்தாரா?"

அக்கா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "ஏன், அங்க யாராவது வந்திருக்காங்களா?"

"ம்."

"அவரை நிக்க வெச்சுட்டா எனக்குப் போன் பண்றே?"

வைத்துவிட்டாள்.

4

இங்கே ஒரு குழப்பம். வந்தவர் சாமி என்று தெரிந்து வெட்டினால் அது பேரம். அப்படியானால் கதை எதற்கு? ஆனால் கதையே கேட்டிராவிட்டால் சலூன்காரர் பின்பக்கம் போய் யோசித்திருப்பாரா? "இன்னிக்கு லீவு" என்று நேராகவே சொல்லியிருப்பார். கதை அவரை நல்லவராக்கவில்லை. சட்டென்று மறுக்க முடியாதவராக்கிவிட்டது. அவ்வளவுதான் அதன் வேலையோ என்னவோ, எனக்குத்

[வாக்கியம் முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.]

5

"உக்காருங்கய்யா" என்றார் சலூன்காரர். துணியைக் கட்டினார். கத்திரியை மருந்துத் தண்ணீரில் முக்கித் துடைத்தார். பிறகு, வந்தவர் மனம் நோகக்கூடாது என்று நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினார்.

"ஏன் தம்பி?"

"இல்ல... உங்களுக்குச் சங்கடமா..."

"எனக்கென்ன சங்கடம்? தினம் பாக்கற தலைதானே. மக நாளைக்கு எதைப் பாக்கப்போறான்னு நான் பாக்க வேணாமா? திருப்புங்க."

திருப்பினார். கண்ணாடியில் தெரிந்தது வந்தவர் முகம் மட்டுமல்ல. பெஞ்சில் இருந்த ரேடியோவும் தெரிந்தார். சங்கடம் யாருக்கு என்று சலூன்காரருக்குப் புரிந்தது. முதல் கொத்து முடியை விரலால் எடுத்தார். தலை சூடாக இருந்தது, எல்லாத் தலையும் போல.

"நான் அப்புறமா வரேண்ணே." ரேடியோ செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைப் பக்கமாக நடந்தார்.

6

முடிவு அ: சலூன்காரர் துணியை உதறித் திரும்புகிறார். நாற்காலி காலி. அறை முழுக்க நறுமணம். [என் மனைவிக்குப் பிடித்திருக்கும். எனக்குக் கை வரவில்லை.]

முடிவு ஆ: மகள் வருகிறாள், தெரு மனம் மாறுகிறது, எதிர்க்கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். [தெருக்களை நான் பார்த்திருக்கிறேன்.]

எழுத முடிந்தது இவ்வளவே: வந்தவர் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "பயப்பட மாட்டா" என்றார். தொப்பியைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போனார்.

பெஞ்சில் இன்னொருவர் இருப்பதை நான் இதுவரை சொல்லவில்லை. நீங்கள்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். சலூன்காரர் கை கழுவிவிட்டார். கத்திரியை மறுபடி முக்கித் துடைத்துவிட்டார். நாற்காலியைத் தட்டிவிட்டு உங்களைப் பார்க்கிறார். எதிரே ஏசி ஓடும் சத்தம் இங்கே கேட்கிறது.

"வாங்க, அடுத்தது நீங்கதானே?"