எஞ்சின் எண் மாற்றம்

காந்தம் மூன்று இடங்களில் ஒட்டவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே, பெட்ரோல் மூடிக்குக் கீழே, ஓட்டுநர் பக்கப் படியில். அங்கெல்லாம் தகடு துருவேறிப் போய், பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். வந்தவர் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படிவத்தில் மூன்று பெருக்கல் குறி போட்டார். பழைய வண்டிகளுக்குச் சான்று கொடுப்பது அவர் தொழில். எது கம்பெனியிலிருந்தே வந்த பாகம், எது பிற்பாடு நுழைந்தது என்று பிரித்து எழுதிக் கையெழுத்துப் போடுவார். அண்ணன் ஜீப்பை விற்கப் போகிறான். வாங்குகிறவர் சான்று கேட்டிருக்கிறார்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயது, காது பாம்புக் காது. போல்ட்டின் தலையில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று காந்தக்காரர் குனிந்து பார்க்கும்போதெல்லாம், "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று இங்கிருந்தே சாட்சி சொன்னார். டேஷ்போர்டுக்கு அடியில் பிளேடால் லேசாகச் சுரண்டியதும் மேல்பச்சைக்குக் கீழே கம்பெனி அடித்த மங்கிய மண்நிறம் வந்தது. காந்தக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது எஞ்சின்.

இந்த எஞ்சினைக் கொன்றவள் நான். எனக்குப் பதினேழு வயதில், நான் ஓட்டிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறும்போது வெள்ளைப் புகை விட்டு, ஒருமுறை உதறி, இறுகி நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடம் ஓடிய எஞ்சினை ஒரே காலையில் தின்றுவிட்டாள் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. "ஒரு வண்டிக்கு ஆயில் பாக்கத் தெரியாதவளுக்கு அந்தப் படிப்பு எதுக்கு?" என்றார். அனுமதிக் கடிதத்தை நாலாக மடித்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் சட்டத்தில் செருகினார். மூன்று மழைக்காலம் அது அங்கேயே இருந்தது.

இப்போது நான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொடுக்க இல்லை, விண்ணப்பம் நிரப்ப. இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. எஞ்சின் நின்ற அன்று காலையில் நான் ஆயில் பார்த்தேன். அளவுக் குச்சியை உருவி என் பாவாடையிலேயே துடைத்தேன். ஆனால் முப்பத்து நாலு வருடம் ஒரே பேச்சைக் கேட்டால் சொந்த ஞாபகமே கட்சி மாறிவிடுகிறது. பார்த்தேனா? வேறொரு நாள் பார்த்ததை அன்றைக்குச் சேர்த்துக்கொண்டேனா? இன்று காந்தக்காரர் அதையும் என் தப்பென்று சீல் வைத்து எழுதிக் கொடுத்துவிடப் போகிறார் என்று பயமாக இருந்தது.

காந்தக்காரர் பானெட்டைத் தூக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினின் பக்கவாட்டைத் துடைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"இது இந்த வண்டி எஞ்சின் இல்லியே."

"எஞ்சின் இவ கையில போனதுதான் சார்," என்றான் அண்ணன் அவசரமாக. "அப்ப மாத்தியிருப்பாங்க."

"மாத்தல," என்றேன். "சிலிண்டரக் கடைஞ்சு போர் அடிச்சு, புது பிஸ்டன் போட்டு, அதையேதான் மாட்டினாங்க. வேலை நடந்த ரெண்டு நாளும் பட்டறையில நின்னு பார்த்தேன்."

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?" என்றான் அண்ணன்.

காந்தக்காரர் எங்கள் இருவரையும் பார்க்காமல் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அது எப்போதும் அப்பாவின் பீரோவில் பூட்டியே இருக்கும். விற்பனைக்காக இன்றுதான் வெளியே வந்திருந்தது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எஞ்சின் எண் மாற்றம்னு பதிவே இருக்கே. நம்பரும் சரியா இருக்கு." தேதியையும் வருடத்தையும் சொன்னார்.

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். பிறகு விரல் விட்டும் எண்ணினேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை. அந்த வருடம் பெயின்ட் அடிக்க என்று வண்டியை அப்பா பக்கத்து ஊருக்கு எடுத்துப்போய், ஒரு வாரம் கழித்துப் பச்சையாகக் கொண்டுவந்தார்.

"இது தண்ணி இறைக்கிற பம்புசெட்டுல ஓடிக் களைச்ச எஞ்சின் மேடம்," என்றார் காந்தக்காரர். "உள்ள வரும்போதே பாதி உயிர்தான் இருந்திருக்கும். யார் கையிலயும் ரொம்ப நாள் நின்னிருக்காது." அவருக்கு அது ஒரு தகவல். எழுதிவிட்டு ரேடியேட்டருக்குப் போய்விட்டார்.

அண்ணன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு அப்போது பத்தொன்பது. நண்பர்களோடு ஆற்றுமணலில் ஜீப்பை இறக்கி ஓட்டுவதுதான் வேலை.

"நீயா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? விக்கிற நேரத்துல."

நான் அப்பாவிடம் போனேன். பக்கத்தில் நின்றதும் அவர் ஜீப்பையே பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

காது கேட்காதவராக இருந்து பார்த்தார். அது பலிக்கவில்லை.

"அவன் வெளியூர் படிக்கப் போற பையன்," என்றார் கடைசியில். "முதல் முதல்ல அவன் பேரு கெட வேணாம்னு நெனச்சேன்."

"என் பேரு?"

"உனக்கென்னம்மா. நீ வீட்டுலதானே இருக்கப்போற."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சமாதானம் சொல்லும் குரலில் சொன்னார். நான் வருத்தப்படுகிறேனே என்று என் முழங்கையைத் தட்டியும் கொடுத்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இந்தக் கைக்குத்தானே ஆறு வருடமாகச் சட்டை மாட்டிவிடுகிறேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்படவும் இல்லை.

"மத்ததெல்லாம் ஒரிஜினல்தான்," என்று காந்தக்காரர் படிவத்தை மூடினார். "வண்டிய வெயிலுக்குக் கொண்டாங்க. நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும்."

அண்ணன் நகர்வதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சாவி அதிலேயே இருந்தது. இரண்டாவது திருகலில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. கிளட்சை மிதித்தேன். இவ்வளவு கனமாகவா இருந்தது? முதல் கியர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய கைதான். நறநறவென்று ஏதோ ஒரு கியர் விழுந்தது. காலை எடுத்ததும் வண்டி ஒரு முழம் துள்ளி நின்றுவிட்டது.

"அவள எறக்குடா!" என்று அப்பா நாற்காலியிலிருந்து கத்தினார். "எஞ்சின் போயிடும்!"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எங்களுக்குள் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்ட மாதிரி அது ஒரு செல்லச் சிரிப்பு. பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் ஜீப் நின்றது. காந்தக்காரர் முன்னால் வந்து கேமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"மேடம், கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா? போட்டோல வண்டி மட்டும்தான் இருக்கணும்."

கிளட்சை மறுபடி அடிவரை மிதித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை. கியர்க் கம்பியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.