ஒரு கட்டிலுக்கு எழுநூறு மைல்

ஆவணி கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் அரைப் பக்கம். டவுன் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைப் பொங்கியண்ணனுக்குத் தமிழில் சொன்னாள். நிஜாம் சீமையில், ஐதராபாத்துக்கும் வடக்கே, பெருநோய்க்காரர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெண்கள் பகுதியில் ஒரு கட்டில் காலியாகிறது. அவன் மனைவி ராசாத்தாளுக்காக அதை நவம்பர் கடைசிவரை வைத்திருப்பார்கள். அதற்கு மேலானால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நவம்பர்வரை இருக்குதேன்னு நவம்பர்ல கிளம்பாதே" என்றாள் டாக்டரம்மா. "அந்தப் பக்கம் குளிர் மோசம். ராசாத்தா கால்ல உணர்ச்சியே இல்ல. குளிர்ல விரல் கறுத்துப் போனாலும் அவளுக்குத் தெரியாது. புரட்டாசிக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடு."

எப்படிக் கொண்டுபோவது என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சித்திரையில் ஒருமுறை மதராஸ் பெரிய டாக்டரிடம் காட்டலாமென்று ரயிலேறியிருந்தார்கள். ராசாத்தாள் முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ஸ்டேஷன் வருவதற்குள் எதிர்ப்பலகைக்காரி பார்த்துவிட்டாள். தொற்றுநோய்க்காரரை ஏற்றக்கூடாது என்பது சட்டம். டிக்கெட் பரிசோதகர் திட்டக்கூட இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அன்று வெயிலில் பதினெட்டு மைல் நடந்து திரும்பினார்கள். பஸ்காரர்கள் நிறுத்தவே மாட்டார்கள். எழுநூறு மைலுக்கு மாட்டுவண்டி கட்ட முடியாது.

பொங்கியண்ணன் சிங்காநல்லூர் மில்லில் பிட்டர். முப்பது வயது. சூலூருக்குத் தெற்கே ஊருக்குள் வீடு, வீட்டிலிருந்து அரை மைலில் தோட்டம். வீட்டில் அவன் அம்மா கருப்பாத்தாளும், நாலு வயது மகள் சாந்தாமணியும் இருந்தார்கள். ராசாத்தாள் இரண்டு வருஷமாகத் தோட்டத்து ஓலைக் குடிசையில், சாளையில், தனியாக இருந்தாள். மகளை அவள் பார்ப்பது வரப்புக்கு இந்தப் பக்கமிருந்துதான்.

கடிதம் வந்த வாரமே அவன் கணபதி என்ற ஊரிலிருந்த அப்துல் வஹீதின் மெக்கானிக் பட்டறைக்குப் போனான். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அங்கே சாக்குக்கடியில் கிடந்தது. முன்பு அதில் சைடுகார் இருந்திருக்கிறது. மாட்டும் இரும்புக் கொக்கிகள் மட்டும் மிச்சம். தன் பங்குக்கு வந்த காளைகள் இரண்டையும் வஹீதின் மைத்துனனுக்கு ஓட்டிக்கொடுத்துவிட்டு வண்டியைத் தனதாக்கிக்கொண்டான்.

"வடக்க ஊர் பாக்கப் போறனுங்க பாய்" என்றான். எல்லோரிடமும் அதையே சொன்னான். மில்லில் சிரித்தார்கள்.

மில் இஞ்சினீயரின் அறையில் சாலைப் படம் ஒன்று தொங்கியது. மத்தியான இடைவேளைகளில் அதன்மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் இழுத்துக்கொண்டான். சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, மைசூர், பெங்களூர், அனந்தப்பூர், கர்நூல். ஒரு நாளைக்கு எழுபது மைல் என்றால் பத்து நாள். சத்திரங்களில் சேர்க்கமாட்டார்கள், அதனால் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஊருக்கு வெளியே மரமோ களமோ பார்க்க வேண்டும். பெட்ரோல் கிடைக்கும் ஊர்களைச் சுழித்துவைத்தான். பெங்களூருக்கு அப்பால் சுழிகள் அரிதாயின.

புரட்டாசி முழுக்க வண்டியிடம் போயிற்று. இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ செத்துக்கிடந்தது. மதராஸுக்கு எழுதிப்போட்டு, அங்கிருந்து வந்தது வேறு அளவு. திருப்பியனுப்பி இன்னொன்று வரக் காத்திருந்தான். அதற்குள் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சைடுகாருக்குச் சட்டம் அடித்து, மேலே தகடு வளைத்து, முதுகு சாய உயரப் பலகை வைத்தான். பின்னால் வரும் புகைக்குழாயின் சூடு காலில் படாமலிருக்க இடையில் இரட்டைத் தகடு வைக்கச் சொன்னபோது வஹீது சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஊர் பாக்கப் போறவருக்குச் சைடுகார்ல எதுக்குங்க இத்தன பக்குவம்? யாரு உக்காரப்போறது?"

பொங்கியண்ணன் சொல்லிவிட்டான். வஹீது தகட்டின் மேலிருந்த கையைத் தன்னையறியாமல் எடுத்து வேட்டியில் துடைத்தார். ராசாத்தாள் இன்னும் அந்தத் தகட்டைத் தொட்டதுகூட இல்லை.

"வேலைய முடிச்சுத் தாரனுங்க" என்றார் கடைசியில். "குறை வைக்கமாட்டேன். ஆனா அவங்கள இங்க மட்டும் கூட்டிட்டு வந்துபோடாதீங்க. எனக்குப் புள்ள குட்டி இருக்குது."

"செரீங்க பாய்."

அவர்மேல் கோபம் வரவில்லை. தன் மகளை வரப்பைத் தாண்டவிடாத கை தன்னுடையதுதானே.

ஐப்பசி இருபதில் திம்பம் மலைப்பாதையில் மண் சரிந்து, மரங்கள் குறுக்கே விழுந்து, பஸ்கள் நின்றுபோயின. திறக்க ஒரு மாதமாகும் என்றார்கள். அவன் காகிதத்தில் மைசூரை அடித்துவிட்டுக் கிழக்கே கோடிழுத்தான்: பல்லடம், காங்கேயம், ஈரோடு, சேலம், கிருஷ்ணகிரி. சுற்று. ஆனால் மலை இல்லை. இரண்டாவது மேக்னெட்டோ வந்துசேர இன்னும் ஐந்து நாள் ஆயிற்று. காலையில் மில்லுக்குப் போகும்போது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. இங்கேயே இப்படியென்றால் அங்கே எப்படியோ என்று நினைப்பான். அந்த நினைப்பிலேயே ஒருநாள் கையை மெஷினுக்குள் விடப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் சாளைக்குச் சோறு கொண்டுபோனபோது ராசாத்தாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வட்டிலைத் தொடவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு அம்மணி."

"உங்கம்மா வந்து வரப்பு மேல நின்னு சொல்லிப்போட்டுப் போறாங்க. காங்கேயத்துல பொண்ணு பாத்தாச்சாமா. தையில கல்யாணமாமா. நெசந்தானுங்களா?"

"அம்மா பேசுது. நான் ஒண்ணுஞ் சொல்லல."

"வேண்டாம்னுஞ் சொல்லலீங்கள்ள?" அவள் குரல் உயரவில்லை. "என்னைக் கொண்டுபோயி விட்டுப்போட்டு வாரதுக்குத்தானுங்களா இந்த வண்டி?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். இரண்டு மாதமாகக் காகிதத்தில் கோடிழுக்கும்போதெல்லாம், போகும் வழியோடு திரும்பி வரும் வழியும் அவன் மனதுக்குள் ஓடியிருந்தது. அந்தத் திரும்பும் வழியில் சைடுகார் காலியாக இருந்தது. தோள் லேசாக இருந்தது. அதற்காக அவன் தன்னைத்தானே வெறுத்த நாட்கள் உண்டு. "சோறு ஆறுது, தின்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சைடுகாரை மாட்டி முடித்தாயிற்று. கறுப்புச் சாயம் இன்னும் காயவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க அவன் வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தான். சாளை காலி. அடுப்பில் சாம்பல் ஆறிக்கிடந்தது. முந்தின நாள் சோறு அப்படியே இருந்தது.

முதலில் கிணற்றுக்கு ஓடினான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு பல்லடம் ரோட்டிலிருந்து வந்த வண்டிக்காரன் ஒருவன் சொன்னான்: முக்காடிட்ட பொம்பிளை ஒருத்தி, கிழக்கே பார்த்து, விடியும்போதே.

பல்லடத்தையும் தாண்டி நாலு மைலில் அவளைக் கண்டான். மழை மேகம் கவிந்திருந்தது. அவள் நடை சாலையின் ஓரத்துக்கும் நடுவுக்கும் அலைந்தது. காலில் சுற்றியிருந்த துணி எங்கோ அவிழ்ந்து போயிருந்தது. ஈர மண்ணில் அவள் வந்த வழி நெடுகக் காலடிகள் ரத்தச் சிவப்பாகப் பதிந்திருந்ததை அவன் வண்டியிலிருந்தே பார்த்துவிட்டான். அவளுக்கு அது தெரியாது.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடி அவள் முன்னால் மண்டியிட்டான். மேல்துண்டைக் கிழித்துக் கால்களைக் கட்டினான்.

"எங்க போற?"

"எங்கயோ போறன். பழனிக்குப் போனா படிக்கட்டுல என்னாட்டம் நூறு பேரு உக்காந்திருக்காங்களாமா. அதுல ஒண்ணா உக்காந்துக்கறன். நீங்க போங்க."

"ராசாத்தா, நேத்து நீ கேட்டியே…" அவன் அவள் பாதத்தை விடவில்லை. "ஆமா. நெனச்சேன். உன்னைய அங்க விட்டுப்போட்டா எல்லாம் தீந்துபோகும்னு நெனச்சேன். ஒரு நாளில்ல, பல நாளு. இல்லைன்னு சொன்னா அது பொய்யி."

அவள் அவன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக எல்லோரும் அவளிடம் இனிப்பாகவோ கசப்பாகவோ பொய்தான் பேசியிருந்தார்கள்.

"இப்ப?" என்றாள்.

"காத்தால கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தேன். தீந்துபோனா எப்பிடியிருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது." அவன் எழுந்தான். "இப்பிடியே போலாம்."

"எங்கீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. கடுதாசி மடியில இருக்குது. படமும் இருக்குது. வண்டி ஓடுது. ஊட்டுக்குத் திரும்பிப் போனா அம்மா அழுவும், மழை புடிச்சுக்கும், இன்னொரு வாரம் போயிரும். அந்த ஒரு வாரம் நம்மகிட்ட இல்ல."

"புள்ளைக்குச் சொல்லாமயா?"

தூறல் போட ஆரம்பித்தது. அவள் தானே போய் சைடுகாரில் ஏறி உட்கார்ந்தாள். காயாத சாயம் அவள் சேலையில் ஒட்டிக்கொண்டது.

கம்பளி இல்லை, பெட்ரோல் டின்கள் இல்லை, மாற்று ட்யூப் இல்லை. திட்டமிட்டுச் சேர்த்ததெல்லாம் வீட்டு மூலையில் கிடந்தது. சேலத்தில் அவன் கைக்கடிகாரம் பெட்ரோலாயிற்று. கிருஷ்ணகிரிச் சந்தையில் அவள் கால் வெள்ளிக்காப்பு இரண்டு கம்பளியாயிற்று. களத்து மேட்டிலும் புளியமரத்தடியிலும் படுத்தார்கள். பெங்களூர் தாண்டிய பிறகு விடியற்காலைகளில் வண்டியை உதைத்துக் கிளப்ப முடியாதபடி அவன் கால்கள் விறைத்தன. இருவர் கம்பளியையும் அவள் கால்களுக்கே சுற்றினான். தினமும் முதல் வெளிச்சத்தில் அவற்றைப் பிரித்து ஒவ்வொரு விரலாகப் பார்ப்பான். அனந்தப்பூருக்கு அப்பால் ஒருநாள் விடியலில், இடது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"என்னங்க, ஏன் பேசமாட்டீங்கறீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல கண்ணு." அவன் கம்பளியைச் சுற்றிக் கட்டினான்.

துங்கபத்திரைக் கரையில் ஓடக்காரர்கள் வண்டியை ஏற்றச் சம்மதித்தார்கள், அவளை மாட்டோம் என்றார்கள். அவர்கள் பேசியது தெலுங்கு. அவன் கையெடுத்துக் கும்பிட்டது மட்டும்தான் இருவருக்கும் பொதுவான பாஷை. கடைசியில், அவள் சைடுகாரைவிட்டு இறங்கக்கூடாது, பலகையைத் தொடக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். ஆறு முழுக்க அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடு ஆற்றில் குளிர்காற்று வீசியபோது அவன் அவள்மேல் குனிந்து தன் உடம்பால் மறைத்து நின்றான்.

பத்து நாள் கணக்கு பதினைந்தாயிற்று. நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. கட்டில் இருந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போயின. கால் தப்பியது. குளிர் அவர்களை முந்திவிட்டது, ஆனால் ஒரு வாரத்தால் மட்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். நீரடிமுத்து எண்ணெய் ஊசி வாரத்துக்கு இரண்டு முறை, குறைந்தது இரண்டு வருஷம்.

அவன் நாலு நாள் வாசல் மரத்தடியில் இருந்தான். ஐந்தாம் நாள் ராசாத்தாளே கம்பி வேலிவரை நடந்து வந்தாள்.

"நீங்க கெளம்புங்க. அங்க புள்ள பாத்துட்டு இருப்பா."

"அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"நெசத்தைச் சொல்லுங்க. உங்கம்மாவுக்கு நோவு, ஊசி போடப் போயிருக்கறான்னு. செத்துப்போனேன்னு மட்டும் யாரையுஞ் சொல்ல உட்றாதீங்க."

திரும்பும் வழியில் ஆளில்லாத சைடுகார் வளைவுகளில் தூக்கிக்கொண்டது. இரண்டுமுறை வண்டி குடைசாயப் பார்த்தது. வழியில் நிறுத்திக் கற்களைப் பொறுக்கி அதில் நிரப்பினான். நிரப்பிவிட்டு அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்து, வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதான்.

மார்கழியில் ஊர் வந்து சேர்ந்தான். கருப்பாத்தாள் வட்டிலை எடுத்துவைத்தாள். சோறு போட்டுவிட்டு, "காங்கேயத்துக்காரங்க ஆளனுப்பினாங்க" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லிப்போடு அம்மா. நீ சொல்லாட்டி நானே போயிச் சொல்லிப்போடறேன்."

சாந்தாமணியை மடியில் வைத்து நிஜத்தைச் சொன்னான். அவள் அவனை நம்பவில்லை. ஒரு மாதம் அவன் பக்கத்தில் படுக்கவில்லை.

ராசாத்தாள் மூன்றாம் வருஷம் நோய் நின்றது என்ற சீட்டோடு திரும்பி வந்தாள். மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. கருப்பாத்தாள் கடைசிவரை அவளை வீட்டுக்குள் விடவில்லை. பொங்கியண்ணன் தன் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சாளைக்குக் குடிவந்துவிட்டான். ஏழு வயது சாந்தாமணி முதல் வாரம் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், யாரும் கூப்பிடாமலே வரப்பைத் தாண்டி வந்து, அம்மாவிடம் தலையைப் பின்னிவிடச் சொன்னாள். அந்த விரல்களுக்குப் பின்னல் சரியாக வரவில்லை. சாந்தாமணி அதை அவிழ்க்காமல் அப்படியே அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனாள்.