தலைப்பக்கம் மட்டும் பசை

பொறாமை வயதோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிள்ளைகளே. எனக்கு அது அறுபத்தாறு வயதில்தான் நன்றாக வந்தது.

கண்டி கட்டுக்கலையில் எங்கள் சனசமூக நிலையம். அதன் முதியோர் சங்கத்தில் ஒரு தடித்த கொப்பி இருந்தது. எங்களைப் பற்றிப் பத்திரிகையில் வருவதையெல்லாம் வெட்டி அதில் ஒட்டுவோம். கண் பரிசோதனை நடந்தது, பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போய் வந்தது, எல்லாம் நாலைந்து வரிச் செய்திகள். எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர் கடைகளை எரித்தபோது செயலாளர் பளீல் நானா அந்தக் கொப்பியைத் தன் வீட்டு அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த எங்கள் ஆட்கள் கதிரை, மேசையைக் கேட்கவில்லை, கொப்பி இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒட்டும் வேலையை என்னிடம் தந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்று, பத்திரிகை பார்த்தே எழுத்துக் கூட்டியவள் நான். எனக்கு அது பெரிய பதவி.

ஒட்டும்போதுதான் கண்ணில் பட்டது. கொப்பி முழுக்க உம்மு குல்சும்! தையல்காரர் ஹுஸைனின் மனைவி. பளீல் நானாவுக்கு 'குல்சும் தாத்தா'; அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள். வட்டிலப்பம் செய்வதில் முதலிடம், திருமதி உம்மு குல்சும் ஹுஸைன். நன்றியுரை, திருமதி உம்மு குல்சும் ஹுஸைன். பதினொரு இடம். நான் எண்ணிப் பார்த்தேன். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. புதன்கிழமை தோறும் சங்கத்தில் கதை சொல்பவள் நான். என் வாயையே பார்த்துக்கொண்டு முப்பது பேர் இருப்பார்கள். செய்தி வரும்போது மட்டும், "மற்றும் பலரும் கலந்துகொண்டனர்."

ராஜலிங்கம் என்று ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர் ஒருவர். அவருக்கு வாய் சும்மா இராது. "என்னா பாமாக்கா, இந்தத் தடவையும் 'பலர்'ல ஏறிட்டீங்களா? அந்த பஸ்ஸுல எப்பவும் நெரிசல்தான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். குல்சும் சிரிக்கமாட்டாள். "பாமாக்கா கத சொன்னா நேரம் போறதே தெரியல்ல. அத எழுதத் தெரியாத ஆளுதான் பேப்பர்ல ஈக்கிறான்" என்பாள். அவள் நல்லவளாகவும் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எண்பத்தொன்பது. வடக்கிலே யுத்தம் என்றால் எங்கள் பக்கம் வேறு பயம். கடையை மூடு என்று கிளர்ச்சிக்காரர்கள் ஒரு துண்டு ஒட்டினால் கண்டி முழுவதும் மூடிவிடும், பஸ் ஓடாது. அந்த ஆடி மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நான் கதை சொன்னேன். கூட்டமாக நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஹுஸைனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஊரடங்கு. ஒரு வாகனமும் கிடைக்கவில்லை. விடிவதற்குள் மனிதர் போய்விட்டார். குல்சும் இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வராமல் இருக்கும் முறை அது.

அதன் பிறகுதான் பத்திரிகை வந்தது. ரயில் கார்ட் ஒருவரைப் பிடித்துப் பளீல் நானா எடுத்து வந்த ஒரே பிரதி. ஏழாம் பக்கத்தில் செய்தி. "திருமதி சத்தியபாமா விவேகானந்தன் கூறிய கதை அனைவரையும் கவர்ந்தது." வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

"திருப்பிப் பாருங்க பாமாக்கா" என்றார் பளீல் நானா. எட்டாம் பக்கத்தில், சரியாக என் செய்தியின் முதுகில், கூட்டப்படம். என் மனம் ஏழாம் பக்கத்திலேயே நின்றது, படத்தில் யார் யார் என்று நான் பார்க்கவில்லை. "கண்ணாடி இல்லாம எனக்கு ஆள் வெளங்கல்ல, ஆனா ஹுஸைன் நானாவும் அதுலதான் நிக்கிறார். அவர்ட வேற படமே இல்ல. ஐடென்டிக் கார்டையும் மரணத்தப் பதியக்குள்ள குடுத்தாச்சி. இத்தா முடிஞ்சதும் வந்து பார்ப்பனாம், குல்சும் தாத்தா சொல்லி அனுப்பீக்கிறா. மறக்காம தலப்பக்கம் மட்டும் பசை வைங்க."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதோ?" என்றேன்.

எங்கள் கொப்பியின் சட்டமே அதுதான். பத்திரிகைத் துண்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. இரண்டிலும் வேண்டியது இருந்தால் மேல் ஓரத்தில் மட்டும் பசை பூசவேண்டும். பிறகு கதவு மாதிரித் திருப்பிப் பார்க்கலாம்.

கோதுமை மாப் பசையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். அதையும் எல்லோரும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் குல்சுமின் புருஷனைப் பார்த்து, "பாவம்" என்று அழப்போகிறார்கள். என் பெயர் அவருக்கு மூடியாகப் போகிறது. அப்படித்தான் எனக்குப் பட்டது. தூரிகையைத் தோய்த்தேன். மேல் ஓரம் பூசினேன். நடுவில் பூசினேன். நாலு மூலையும் பூசினேன். துணியால் அழுத்தித் தேய்த்தேன். மறந்துபோய் அல்ல.

நாலு மாதம் என் பெயரை நான் சந்தோஷமாகப் பார்க்கவில்லை. பொய்கள் தயாரித்தேன். எலி கடித்தது. மழை ஒழுகியது. யாராவது கொப்பியைத் தொட்டாலே ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை குல்சும் வந்தாள். மெலிந்திருந்தாள். உட்காரவும் இல்லை. "பாமாக்கா, அவர்ட படத்தக் காட்டுங்களே" என்றாள்.

கொப்பியை விரித்தேன். அவள் முதலில் கண்டது என் செய்தியை. "அல்லாஹ்! பாமாக்கா, ஒங்கட பேரு! இங்க வாங்க எல்லாரும், பாமாக்காட பேரு வந்தீக்கிது!" என்று கத்தி, ஒரு சொல் விடாமல் சத்தமாக வாசித்தாள். பிறகு ஓரத்தில் நகத்தை வைத்துக் கிளப்பினாள். வரவில்லை. கீழ் மூலையில் வைத்தாள். வரவில்லை.

"அது வராது, குல்சும். முழுக்கப் பசை பூசிப்போட்டன்."

"மறந்துட்டீங்களா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி திறந்து தந்தாள். ஆனால் அந்த நகம் இன்னும் மூலையில் இருந்தது.

"இல்லை. தெரிஞ்சுதான் பூசினனான். உங்கட பேர் பதினொரு இடத்தில கிடக்கு. என்ர ஒண்டுதான். அதையும் ஆக்கள் தூக்கிப்போட்டு அவரைப் பாக்கப் போகினம் எண்டு..."

குல்சும் மூலையிலிருந்து நகத்தை எடுத்தாள். "ஒரு பேருக்கா? நாலு மாசம் பத்து நாள் விரல்ல எண்ணிக்கொண்டு ஈந்தேன், பாமாக்கா. அவர்ட மூஞ்சி மறந்துரும்னு பயந்து பயந்து எண்ணினேன். நீங்க பேரா எண்ணினீங்க?" பிறகு, "நிக்காதீங்க. கேத்தல அடுப்புல வைங்க" என்றாள்.

கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ராஜலிங்கம் கொப்பியை ஆவியில் பிடித்தார். "ஆவி புடிச்சா நெஞ்சுச்சளியே கெளம்பிருது, இந்தப் பசை கெளம்பாதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அரை மணித்தியாலம் ஆயிற்று. என் கையால்தான் உரித்தேன். வரும்போது என் செய்தியின் நடுப்பகுதி நைந்து, பெயர் இருந்த வரி என் விரலோடு உருண்டு வந்துவிட்டது.

துண்டைத் திருப்பி, ஈரத் துணியால் பசையைத் துடைத்தோம். வரிசையாக எல்லோரும் தெரிந்தோம். நான், குல்சும், பளீல் நானா. அவருக்குப் பின்னால் ஒரு தொப்பி, ஒரு தோள். முகம் இல்லை. மனிதர் திரும்பி நின்றிருந்தார்.

"கெமராவக் கண்டா ஓடுற மனிசன்" என்றார் பளீல் நானா மெல்ல. "மூஞ்சியே விழல்லியே, தாத்தா."

இத்தனையும் இதற்குத்தானா என்று எனக்குப் பட்டது. குல்சும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் தோளில் விரலை வைத்தாள்.

"இந்தா ஈக்கிறார். வலது தோள் எறங்கீக்கிது பாருங்க. மெசினுக்கு மேல குனிஞ்சு குனிஞ்சு எறங்கின தோள். தொப்பியும் சரிஞ்சுதான் ஈக்கிது, நான் காலைல ரெண்டு தரம் சரிபண்ணி அனுப்பினேன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு துண்டின் பின்பக்கம் நைந்த இடத்தைக் கண்டு, "பாமாக்கா, ஒங்கட பேரு போயிட்டே" என்றாள்.

"போகட்டும்" என்றேன். மனம் திருந்திச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டை அவளிடமே கொடுத்துவிட்டோம். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாளாம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் அவருடைய படத்தின் முன்னால் நின்றேன். விவேகானந்தன், ரயில்வே கிளாக்கர். ஸ்டூடியோவில் எடுத்த பெரிய படம், கோட்டும் டையும். வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடி துடைத்து மாலை போடுவேன். முகத்தை மட்டும் உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன். மிச்சமிருந்த தோள் யாருடையதாகவும் இருக்கலாம். முப்பத்தொரு வருடம் அவரோடு வாழ்ந்தவள் நான். எந்தத் தோள் தாழ்ந்திருந்தது, நடக்கும்போது எந்தக் கை முன்னால் வரும், ஒன்றும் வரவில்லை.

குல்சும் மேல் எனக்கு அன்று வந்தது போன்ற பொறாமை அந்தப் பதினொரு பெயருக்கும் வந்ததில்லை. பசை பூசியதை அவள் முகத்துக்கு நேரே சொன்னவள், இதைச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.