மீதிப் படம்

என் தம்பி லாரி ஓட்டியவன். வாய் ஓயாது. அவனோடு ஒரு நடை போய்வந்த கிளீனர்கள் காது புளித்துப்போய் வேறு வண்டி தேடிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போய்விட்டது. வலது கையும் காலும் போனதற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, முடியாமல், என்னைப் பார்த்து முழித்தான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். நான் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள். அவனை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். திரும்புகிற பேச்சு பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே திரும்பிவிடும், அதற்கப்புறம் ரொம்பக் கஷ்டம். தினமும் அவனைப் பேசவைக்க வேண்டும். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை போதாது, ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிக்கிற மாதிரி கோவையாகப் பேச வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலையில் நான் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் என்னத்தைச் சொல்வான்? சுவர் சௌக்கியமாக இருந்தது என்றா?

நான் வேலை செய்வது சலவைக்கூடத்தில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் உருளைக்குள் போய் இஸ்திரியாகி வெளியே வரும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மடிக்க வேண்டும். என் எதிர்முனைக்காரி ஒரு சினிமாப் பைத்தியம். அவள் புருஷன் படங்களாகக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்திருக்கிறார். பென்டிரைவ் நிறையப் படம் போட்டுத் தருகிறேன், டிவியில் மாட்ட ஒரு பிளேயர் மட்டும் வாங்கிக்கொள் என்று அவள்தான் யோசனை சொன்னாள். பகலில் படம் பார்த்தால் சாயங்காலம் கதை சொல்வான் அல்லவா? எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

எங்கள் டிவி பழையது. பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள், அவ்வளவுதான். கடைக்காரர் முதலில் எடுத்துவைத்த பெட்டி இன்டர்நெட் கேட்டது. அதற்கு நான் எங்கே போவேன்? அடுத்தது டிவிடி பிளேயர். பென்டிரைவைச் செருக இடம் இருந்தது, ஆனால் பாதிப் படங்களைப் படிக்கத் தெரியாமல் கையை விரித்தது. சிலவற்றில் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. பேச்சு வராதவனுக்கு ஊமைப் படம் காட்டவா வாங்குகிறேன் என்று அவரிடம் ஒரு பாட்டம் கத்தினேன். மனுஷர் கோபித்துக்கொள்ளாமல் உள்ளேயிருந்து இரண்டு சின்னக் கறுப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். இரண்டிலும் எல்லாப் படங்களும் ஓடின. எங்கள் டிவிக்கான ஒயரும் இருந்தது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"இது கரண்ட் போய் வந்தாலும் விட்ட எடத்துலேருந்து ஓடும்மா. ஒரு படம் முடிஞ்சா அடுத்தது தானா வரும். ரிமோட்லயும் பட்டன் பெருசு. அந்தச் சின்னதுல இதெல்லாம் கெடையாது, ஆஃப் ஆயிடுச்சுன்னா நீங்கதான் மறுபடி தேடிப் போடணும்."

பாதியில் விட்டுவிட்டு என் தம்பி எங்கே எழுந்து போகப்போகிறான் என்று நினைத்தேன். மலிவானதின் ரிமோட்டைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, இடது கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தேன். நன்றாகவே அமுங்கியது. அமுக்கியது என் ஒல்லி விரல், ஸ்டியரிங் பிடித்துத் தடித்த அவன் விரல் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து, பேரம் பேசிய கதையையெல்லாம் அவனிடம் அளந்தேன். அவன் பெட்டியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

அதன்பிறகு அதுவே வழக்கமானது. காலையில் அவனைத் துடைத்துவிட்டு, நாற்காலியில் சாய்த்து, இடது கைப்பக்கம் தண்ணீரும் சாப்பாடும் டிவி ரிமோட்டும் பெட்டியின் ரிமோட்டும் வைத்து, ஒரு புதுப் படத்தை ஓடவிட்டுப் போவேன். வந்ததும் வராததுமாக, என்னடா கதை என்பேன். முதலில் மூன்று வார்த்தைகூட வரவில்லை. "போலீஸ்காரன்... ஒருத்தன்..." என்பதற்குள் வியர்த்துவிடும். போகப்போக வாக்கியம் வந்தது. அதற்கப்புறம் கதையே வந்தது. போலீஸ்காரன் மலையேறுவான், படகுக்காரனைக் கப்பலில் கடத்திக்கொண்டு போவார்கள். எல்லாக் கதையிலும் ஒரு அக்கா வருவாள். கோபக்காரியாக இருப்பாள், கடைசியில் அவள்தான் வந்து காப்பாற்றுவாள். இப்போதெல்லாம் நல்ல படமாகத்தான் எடுக்கிறார்கள் என்று நான் வேறு பெருமைப்பட்டுக்கொண்டேன். அடுப்பில் வேலை கிடக்கிறது, சுருக்கமாகச் சொல்லித் தொலையடா என்று அவனைத் திட்டுகிற நாளும் வந்தது. அப்படித் திட்ட முடிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். பேச்சில் ஏதாவது குழப்பம் தெரிந்தால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், இரண்டாவது தடவை வந்தால் தாங்காது என்றார்.

தம்பி சொல்கிற கதைகளை மறுநாள் விரிப்பு மடிக்கும்போது எதிர்முனைக்காரியிடம் சொல்வேன். அவள் உம் கொட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் உம் வரவில்லை. முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"கொஞ்ச நாளாவே சொல்லணும்னு இருந்தேன், தப்பா எடுத்துக்காதே. அதெல்லாம் நான் பாத்த படம். ஆரம்பத்தைச் சரியாத்தான் சொல்றான். அப்புறம் வர்றது எல்லாமே வேற. ஒரு படத்துலகூட அக்காவே கெடையாது."

டாக்டரம்மா சொன்ன குழப்பம் இதுதான் என்று நினைத்தேன். மூளைக்கு ஏறிவிட்டது, எதைப் பார்த்தோம் எதைக் கனவு கண்டோம் என்று தெரியாமல் உளறுகிறான், அதைப் போய் நான் முன்னேற்றம் என்று கொண்டாடியிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் அரைநாள் லீவு சொன்னேன். வீட்டுக்குப் போய், அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

வீட்டுக் கதவைத் திறக்கப் போனவள் அவன் குரல் கேட்டு நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிவியில் படம் இல்லை. வெறும் நீலத் திரை, ஓரத்தில் ஃபைல்களின் பெயர்கள். அதைப் பார்த்துக்கொண்டு தம்பி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா... கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. இல்ல. போகல. வாசல்ல... நின்னா." நிறுத்தினான். ஏதோ பிடிக்காத மாதிரி தலையை ஆட்டினான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். தப்பாக வந்த வார்த்தையை நாக்கில் புரட்டிப் புரட்டிச் சரிசெய்தான்.

உள்ளே போய் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். கேட்கக் கேட்கச் சொன்னான். காலையில் கட்டிடத்துத் தண்ணீர் மோட்டார் போடும்போது விளக்கு ஒரு நொடி மங்கும். அந்த ஒரு நொடியில் பெட்டி அணைந்து, மறுபடி உயிர் வந்து, நீலத் திரையில் நின்றுவிடும். பெட்டி ரிமோட்டின் குட்டிப் பட்டன்களை அவன் தடித்த விரலால் தனித்தனியாக அமுக்க முடியவில்லை, வைத்தால் மூன்றின் மேல் உட்காருகிறது. சாயங்காலம் நான் வருவதற்குள் டிவி ரிமோட்டின் மூலைப் பட்டனை அமுக்கி டிவியை அணைக்க மட்டும் பழகிக்கொண்டான். எல்லாப் படத்திலும் முதல் அரைமணிதான் அவன் பார்த்தது. மீதிப் படம் அவன் உண்டாக்கியது. எத்தனை நாளாக என்றேன். வாங்கிய நாளிலிருந்தே என்றான்.

"ஏண்டா பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ... ஆசையா வாங்கிட்டு வந்தே."

அழுதேன், திட்டினேன், அவன் கையில் அடிக்கக்கூடச் செய்தேன். பகல் முழுக்க நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் சாயங்காலம் வந்து கதை கேட்பேன் என்பதற்காக வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துவைத்திருக்கிறான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா? அடுத்த சம்பளத்தில் அந்த விலைகூடிய பெட்டியை வாங்கி வந்து மாட்டினேன்.

குறை சொல்ல முடியாத பெட்டி. மோட்டார் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. ஒரு படம் முடிந்தால் அடுத்தது வந்தது. அன்று சாயங்காலம் ஓடிவந்து, என்னடா கதை என்றேன்.

"நல்லாருந்துச்சு" என்றான்.

களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் அதேதான். எந்தப் படம் என்றால் தெரியவில்லை, அவனுக்கு மூன்று படங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. சில வாரங்களில் நல்லாருந்துச்சு என்பதும் சுருங்கி வெறும் தலையாட்டலாகிவிட்டது. நான் பேசினால் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பான், அங்கே படம் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டரம்மா அட்டையில் வரைந்த ஒரு படத்தைக் காட்டி இதில் என்ன நடக்கிறது என்று கேட்டார். அவன் "பையன்" என்றான். அவர் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. வீட்டில் பேசவைக்கிறீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் சொன்ன ஒரு வருஷம் அப்போது முடியப் போகிறது.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். அவனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"படத்துக் கதை வேணாம்டா. நீயா சொல்லுவியே, அக்கா வர்ற கதை. அது ஒண்ணு சொல்லு."

இருண்ட திரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. நான் மூச்சுக்கூட விடாமல் இருந்தேன், நடுவில் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து இடது கையைத் தூக்கி, தரையில் கிடந்த பிளக்கைக் காட்டினான்.

"போடு."

"ரெண்டே வரிடா. அக்கா வந்தா, அப்புறம் என்ன ஆச்சு?"

"போடு" என்றான் மறுபடியும். அந்த ஒரு வார்த்தை மட்டும் திக்காமல், தெளிவாக, லாரி ஓட்டிய காலத்துக் குரலில் வந்தது.

போட்டேன்.