பிரகலாதனின் கறுப்பு யன்னல்

1

இது திருடிய கதை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுபாஸ்கரன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்து புலம்பியது. எர்லாங் என்ற கணினி மொழியையும் விளங்கப்படுத்தினான். விளங்கியது தேத்தண்ணி மட்டும்.

முதல் வரி: 'குருநகர்க் கடலில் சூரியன் மெல்ல…' வேண்டாம். கதை நடப்பது கோப்பாயில், மின்விசிறி சுற்றாத ஓர் அறையில்.

2

சுபாஸ்கரன், அவன் நண்பன் பிரகலாதன், பிரகலாதனின் மனைவி துஷாந்தினி. மூவரும் குருநகர் மீன் ஏலத்துக்கு ஒரு செயலி எழுதினார்கள். மூன்று கணினிகளில் நிற்கும். ஒன்று விழுந்தால் இன்னொன்று ஏலத்தைத் தாங்கும். எழுதிப் பார்க்கும் காலத்தில் மூன்று கணினிக்கு எங்கே போவது? ஒரே மடிகணினியில் மூன்று கறுப்பு யன்னல்கள், கட்டளை தட்டும் ஷெல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர். மூன்றும் வந்து சேரும்வரை எதுவும் தொடங்காது.

பிரகலாதன், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டான். எல்லைக் காடொன்றிலிருந்து ஒருமுறை கதைத்தான். பிறகு

[இந்த வாக்கியத்தைப் பல தரம் முடித்தேன். எல்லாவற்றிலும் அவன் செத்தான். அழித்துவிட்டேன்.]

3

காலையில் துஷாந்தினி அவன் பெயரிலுள்ள யன்னலைத் தானே திறந்துவிடுவாள். உடனே மற்ற இரண்டும் உயிர்க்கும். செயலி அவன் யன்னலில் ஓடும். (முதலுரிமை அவனுக்கு. அதை மூடினால் செயலி அவளிடம் வரும். திறந்தால் திரும்ப அவனிடமே போய்விடும். இதை உருவகமாக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். பாராட்டலாம்.)

4

நாளை குருநகரில் உண்மையான கணினிகள். இருப்பது இரண்டுதான்.

"பிள்ளை, அவன்ரை பேரை எடுப்பம்," என்றான் சுபாஸ்கரன்.

"ஏலாது, அண்ணை."

"எடுக்காட்டி தொடங்காது. வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிமார் எங்களைத்தான் ஏலம் போடுவினம்."

"உங்களை ஆர் வாங்குவினம்?"

"அங்கை ஒவ்வொரு நாளும் போய் அவன்ரை யன்னலைத் திறப்பியே?"

"திறப்பன்."

"பேரை எடுத்தா ஆள் இல்லையெண்டு ஆகாது, பிள்ளை."

"அப்ப உங்கடை பேரை எடுங்கோ."

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள். பிரகலாதன் தொலைபேசியில் அழைக்கிறான்: பொய். துஷாந்தினி அவன் பெயரை அழிக்கிறாள்: என்னால் முடியாது.

நடந்தது இது. அவன் பெயரைக் 'கட்டாயம்' என்ற வரியிலிருந்து எடுத்து, 'வந்தால் சேரட்டும்' என்ற வரியில் வைத்தாள்.

"இனி எவ்வளவு நேரம் அவனைப் பாத்துக்கொண்டு நிக்கிறதெண்டு போடவேணும்," என்றான் சுபாஸ்கரன். "அது முடிய அவனில்லாமல் தொடங்கும்."

"முடிவில்லாமலெண்டு போடலாமோ?"

"போட்டா பழையபடி தொடங்காது. ஒரு எண் போடு."

அவள் மடிகணினியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எண் எதுவும் தட்டாமல் தேத்தண்ணிக் கடைக்கு, என்னிடம் கொண்டுவந்தான். நான் கோழை, உங்கள் பக்கம் தள்ளுகிறேன். எண்ணை மில்லிசெக்கனில் போடவேண்டும். அவள் உங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.