கட்டைவிரலுக்கு மட்டும் மூன்று கோட்டிங்

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு நெயில் பாலிஷ் பைத்தியம் பிடித்துவிட்டதென்று என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறந்துவிடும் வரைக்கும் உள்ளே இருப்பவர்களிடம் பேச ஏதாவது வேண்டும், அதற்கு நான் கிடைத்தேன். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் எனக்கு நிம்மதி.

விஷயம் வேறு. என் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. நகக்கண்ணிலிருந்து நுனி வரைக்கும் பென்சிலால் இழுத்தது போல நேராக இருந்தது. கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டிருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அடிபட்ட கறுப்பு என்றால் நகம் வளர வளர மேலே நகர்ந்து, கடைசியில் நகவெட்டியோடு போய்விடும். இது போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது.

நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. கையை நீட்டினால் அலமாரி, அப்புறம் டாக்டர் எதற்கு என்கிற வியாதி. நகச்சொத்தை என்று நானே முடிவு கட்டி, சொத்தைக்குப் போடுகிற லோஷனை எடுத்து இரண்டு வேளையும் தடவினேன். கடைக்கு நேர் மேலே, மாடியில் தோல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். வெயிலில் இறங்க வேண்டாம், பஸ் பிடிக்க வேண்டாம், படியேறினால் போதும். கவுன்ட்டரில் யாராவது நகச்சுத்தி என்று விரலை நீட்டினால், "தள்ளிப்போடாதீங்க, மேல காட்டிட்டு வந்துடுங்க" என்று நான்தான் விரட்டுவேன். ஊருக்குத்தானே உபதேசம்.

லோஷன் தீர்ந்தது, கோடு தீரவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கவே கூடாது. கறுத்த தோல்காரர்களுக்கு இப்படிக் கோடு சும்மாவே வரும், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று ஒரு வரி. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி. ஒரே ஒரு விரலில் வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைத் தாண்டித் தோலுக்கும் கறுப்பு இறங்கினால் உடனே காட்ட வேண்டும், புற்றாக இருக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இருமல் மருந்து கேட்ட மனிதருக்குப் பேதி மருந்தை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, அவர் லேபிளைப் படிக்கிற ஜாதி.

அன்றைக்குச் சாயங்காலம் முதல் பாட்டிலை வாங்கினேன்.

ரோஸ் பூசினேன், கோடு அப்படியே தெரிந்தது. சிவப்பில் அந்த இடம் மட்டும் காய்ந்த ரத்தம் மாதிரி இருந்தது. மெரூன் வீட்டுக்குள் பரவாயில்லை, வெயிலுக்குப் போனதும் காட்டிக்கொடுத்துவிட்டது. கருநீலம்தான் நல்ல பிள்ளை, ஒரே கோட்டிங்கில் கோட்டை விழுங்கிவிட்டது. ஒரு விரலுக்கு மட்டும் போட்டால் கேள்வி வரும் என்று பத்து விரலுக்கும் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் மறைந்ததே!

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மகள் வந்து மேஜையில் எதிரே உட்கார்ந்தாள். அவள் பத்தாம் வகுப்பு. அதற்கு முந்தின ஒரு வருஷமாக அவள் என்னிடம் பேசியது "ம்", "தெரியும்", "கதவைச் சாத்து" இவ்வளவுதான். காதில் எந்நேரமும் பாட்டுக் கேட்கிற அந்த இயர்போன் குமிழ். அதைக் கழற்றிவிட்டு என் விரல்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னம்மா இது, தார் ரோடு போட்டு வச்சிருக்க?"

"உன் வேலையப் பாத்துட்டுப் போடி."

"குடு இப்படி. நடுவுல ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. முடிஞ்சுது. நீ என்னன்னா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி தேய்ச்சிருக்க."

அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் என்றால் மேஜைமேல் பழைய பேப்பர் விரிந்துவிடும். ஹேர்பின் நுனியைப் பாலிஷில் தொட்டு வைத்தால் அச்சுப் பிசகாத புள்ளி. டேப்பை ஒட்டி, பூசி, ஈரம் காய்வதற்குள் உரித்தால் நேர்கோடு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் தடவி ஒற்றினால் ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து வரும். பல்குச்சியால் நான் பூ வரைந்தேன், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக அது நண்டாகிவிட்டது. "நண்டும் அழகுதான்மா" என்று அதற்கு இரண்டு கண் வைத்தாள்.

என் விரலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருக்கும்போது அவள் பேசினாள். எந்தச் சிநேகிதி பேச்சை நிறுத்திவிட்டாள், எந்த டீச்சரைக் கண்டால் கை நடுங்குகிறது, கணக்கு என்றால் ராத்திரியெல்லாம் எப்படிப் பயம் வருகிறது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு, நகத்தைப் பார்த்தால் தானாக வந்தது. எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைப்பேன். உடனே எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வரும்.

ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தேன். இடது கட்டைவிரலுக்கு நானே போட்டுக்கொள்வேன். ஞாயிறு தோறும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழையதை ரிமூவரால் துடைத்து, கோட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே நீலத்தை இழுத்துக்கொண்டுதான் மேஜைக்கே வருவேன்.

"அந்த விரலுக்கு மட்டும் என்னம்மா அவ்வளவு மவுசு?"

"அது எனக்கு ராசி. மத்தவங்க கை படக் கூடாது."

"வந்துட்டாங்கய்யா கட்டைவிரல் மகாராணி!" என்பாள்.

கோடு மெலிந்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு வாரம் தோன்றும், அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பேன். அடுத்த வாரம் தடித்துத் தெரியும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். மகளின் பரீட்சை முடியட்டும், அப்புறம் படியேறலாம் என்று எனக்கு நானே தவணை வாங்கிக்கொண்டேன். அவள் கணக்குக்குப் பயந்தாள், நான் அவள் பரீட்சைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

நடுவில் ஒரு நாள் அந்த டாக்டரம்மாவே மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தார். தொண்டைக்கு மிட்டாய் வேண்டுமாம். சில்லறையை எண்ணி வைத்த என் கையைப் பார்த்துவிட்டு, "அட, புள்ளியெல்லாம் வச்சு ஜோரா இருக்கே. யாரு போட்டது?" என்று கேட்டார்.

"பொண்ணு, டாக்டர்."

"காட்டுங்க, காட்டுங்க" என்று கையை நீட்டினார். வலது கையைக் கொடுத்தேன். இடது கையை மேஜைக்கடியில் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். திறந்து காட்ட வேண்டிய மனுஷி எதிரே நிற்கிறார், நானோ திருடி மாதிரி நிற்கிறேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், எனக்குக் கனம் விரலில் இருந்தது. அவர் மிட்டாயை வாங்கிக்கொண்டு படியேறத் திரும்பினார். கூப்பிட்டுவிடலாமா, டாக்டர் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. அடுத்த ஆள் மருந்துச் சீட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு மகள் மேஜையில் ஒரு புதுப் பாட்டிலை வைத்தாள். வெள்ளை.

"அம்மா, இன்னிக்குப் பூனை. பாதி மூஞ்சி உன் கட்டைவிரல்ல, பாதி மூஞ்சி என் கட்டைவிரல்ல. ரெண்டு பேரும் கையப் பக்கத்துல பக்கத்துல வச்சா முழுப் பூனை. போட்டோ எடுத்து என் போன்ல வைக்கப் போறேன்."

"நீலப் பூனை போடேன்" என்றேன்.

"நீலத்துல எங்கம்மா பூனை இருக்கு? வெள்ளைப் பூனை!"

"அப்ப என் வலது கையில போடு."

"நான் இடதுகைக்காரி. எனக்கு என் வலது கை நகத்துமேலதான் வரைய வரும். அதுக்குப் பக்கத்துல உன் இடது கைய வச்சாத்தானே கட்டைவிரல் ரெண்டும் ஒட்டும்?" கையை வைத்தே காட்டினாள். அவள் சொன்னது சரி. "உன் ராசியக் கெடுக்கல, தாயே. வெள்ளைய நீயே போட்டுக்கிட்டு வா. மீசை மட்டும் நான் வரையுறேன்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். பழைய நீலத்தைத் துடைத்தேன். கோட்டைப் பார்த்தேன், வழக்கம் போலத்தான் இருந்தது. அப்புறம் நகக்கண்ணைப் பார்த்தேன். நகம் முடிந்து தோல் தொடங்குகிற இடத்தில், எறும்புத் தலையளவு, கறுப்பு. நீலத்தின் மிச்சமோ என்று பஞ்சால் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா! உள்ள தூங்கிட்டியா?"

"வர்றேன், வர்றேன்!"

ஒரு கோட்டிங் வெள்ளை, கோடு சாம்பலாகத் தெரிந்தது. இரண்டாவது போட்டேன். மூன்றாவது போட்டேன். தோல்மேல் இருந்த கறுப்பின் மேலும் தூரிகையைக் குத்தி அப்பினேன். காயக்கூட விடாமல் வெளியே வந்து கையை மேஜைமேல் வைத்தேன்.

"ஐயோ! சதைமேல எல்லாம் அப்பி வச்சிருக்கியே. மூணு கோட்டிங்கா போட்ட? இதுமேல மீசை வரைஞ்சா வழுக்கிக்கிட்டுப் போயிடும்." பேச்சோடு பேச்சாகப் பஞ்சை ரிமூவரில் நனைத்து என் கட்டைவிரலைச் சுற்றிவிட்டாள். "கொஞ்ச நேரம் ஊறட்டும், அசையாத."

கையை உருவிக்கொண்டிருக்கலாம். நூறு பொய் தயாராக இருந்தது, எல்லாவற்றையும் சொல்லிப் பழக்கப்பட்ட வாய்தான். ஆனால் அவள் பஞ்சோடு சேர்த்து என் விரலைத் தன் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, லீவில் என்னென்ன வரையலாம் என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. உருவிக்கொள்ளத் தெம்பும் இல்லை.

பஞ்சை இழுத்தாள். வெள்ளை மொத்தமும் அதோடு வந்துவிட்டது.

"இன்னும் நீலம் இருக்கே" என்று இன்னொரு பஞ்சை எடுத்துத் தேய்த்தாள். "என்னம்மா இது, கறையா பிடிச்சிருக்கு?" இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நகக்கண் பக்கம் பஞ்சைக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். "போவே மாட்டேங்குது. வேற ரிமூவர் வாங்கணும்போல..."

"விடுடி. அது சாயம் இல்ல."

"பின்ன?"

சொன்னேன். எப்போது வந்தது, போனில் என்ன படித்தேன், எப்போது கருநீலம் வாங்கினேன், எல்லாம். புற்று என்கிற சொல்லை மட்டும் சொல்ல வராமல் விழுங்கினேன். விழுங்கியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பிடி இறுகியது.

"அப்பா!" என்று கத்தினாள். "அப்பா, இங்க வாங்க!"

அவர் டி.வி.யைப் பாதியில் விட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். "என்ன, இந்த வாரம் என்ன டிசைன்? காட்டு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மகள்தான் எடுத்துச் சொன்னாள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தோல் டாக்டர் உங்க கடைக்கு மேலதானே இருக்காங்க?" என்றார்.

"ஆமா."

"தினமும் அங்கதானே போய் நிக்கிற?"

"ஆமா."

"ஏறலையா நீ?"

"பயமா இருந்துச்சுங்க" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ, மூக்கும் கண்ணுமாகக் கொட்டியது. "ரொம்பப் பயமா இருந்துச்சு."

அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "காலையில டாக்டர் வந்ததும் மொத ஆளா ஏறுறோம். நான் லீவு சொல்லிடுறேன்" என்றார். சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அங்கே போய் யாரிடமும் பேசவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஜையில் நானும் மகளும் மட்டும். என் மற்ற விரல்களில் இருந்த போன வாரத்துப் புள்ளிகளை அவள் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். டாக்டருக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். முகத்தை நிமிர்த்தவே இல்லை. துடைத்து முடித்து, பாட்டில்களை மூடி, பேப்பரை மடித்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அப்போ இத்தன நாள் என்கூட உக்காந்ததெல்லாம் இதை மறைக்கத்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒரு வார்த்தை போதும், அவள் நம்பியிருப்பாள். ஆனால் அன்றைக்கு என்னிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"முதல்ல அதுக்குத்தான்" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம், ஞாயித்துக்கிழமை எப்படா வரும்னு இருந்துச்சுடி. பாத்ரூமுக்குள்ள போய் அதப் பாக்கணுமேன்னு உசுரு போகும். ஆனாலும் சீக்கிரம் வரணும்னு இருந்துச்சு."

அவள் மூடிய ரிமூவர் பாட்டிலைத் திறந்து, பஞ்சை நனைத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த என் கட்டைவிரலை எடுத்து, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.