மேட்டில் மட்டும் வரும் வாசனை

மெக்கானிக்கிடம் வந்து பெட்ரோல் வாசனை வருகிறது என்பது, மீன்காரரிடம் போய் மீன் வாசனை வருகிறது என்பது மாதிரி. என் தங்கை அதைத்தான் செய்தாள். ஒன்பது மாத வயிற்றோடு என் ஷெட் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, இந்த வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன். பெட்ரோல் வாசனை வருது" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் வீடு ஊருக்கு வெளியே இருந்தது, ஆஸ்பத்திரியோ மேட்டின் உச்சியில். எந்த நேரம் வலி எடுத்தாலும் போவதற்கு இருந்தது இந்த ஒரு கார்தான். அதில் ஏற மாட்டேன் என்கிறாள்.

பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் போகிற ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். டேங்க் மூடியின் ரப்பரைப் புரட்டிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்து விளக்கடித்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் அந்த மூக்குக்கு வாசனை தெரியாது. வருஷக்கணக்காகப் பெட்ரோலில் கை கழுவி அது எப்போதோ செத்துவிட்டது. அதனால் பக்கத்துக் கடை டயர்க்காரரைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன்.

"ரப்பர் வாசனைதான்பா வருது" என்றார். அது அவர் சட்டையிலிருந்து வந்தது.

அடுத்து, அவர்களோடு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ஏறி உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. மாசமா இருக்கறப்ப அப்படித்தான் தோணும். எனக்கெல்லாம் சோப்பு வாசனையே ஆகாது."

கடைசியில் தங்கையே ஏறினாள். மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப வரல" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, சீறினாள். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே.

"எனக்கென்ன பைத்தியமா? வருதுன்னா வருது. எல்லா நாளும் வராது!"

அந்தக் கடைசி வார்த்தையில் என் கை நின்றது. மனப்பிரமை என்றால் தினமும் வந்து தொலைக்கும். சில நாள் மட்டும் வருகிறது என்றால் அதற்கு ஏதோ கணக்கு இருக்கிறது.

"என்னைக்கு வந்துச்சும்மா? யோசிச்சுச் சொல்லு."

"போன வாரம், செக்கப்புக்குப் போறப்ப. மேட்டுல ஏறும்போது. முதல்ல லேசா இனிப்பா வரும், அப்புறம் தொண்டையில ஏறும். திரும்பி இறங்கறப்ப போயிடும்."

"மாப்ள, அன்னைக்குப் பெட்ரோல் போட்டீங்களா?"

"ஃபுல் டேங்க் மச்சான். பம்பு தானா நின்ன பிறகும் இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கச் சொல்லுவேன். செக்கப்புக்குப் போறப்ப எப்பவும் அப்படித்தான், வழியில நின்னுடக் கூடாதில்ல?"

பெருமையாகச் சொன்னார். எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கால் டேங்க் பெட்ரோலோடு சமதரையில் நிற்கிற வண்டியை அதுவரை சோதித்துக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துத்தான்.

டேங்கை விளிம்பு வரை நிரப்பி, வண்டியை ராம்ப்பில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினேன். பேட்டரி வயரைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்தேன். தங்கை ஏறவில்லை. வெளியே நின்று, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள். முன் கதவருகே தலையை ஆட்டி இல்லை என்றாள். பின் கதவுக்கு வந்தாள். முகம் சுருங்கியது. கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினாள்.

"இங்க."

பின் சீட்டின் இடது பக்கம். அவள் எப்போதும் உட்கார்கிற இடம்.

சீட்டைத் தூக்கினேன். அடியில் இருந்த தகட்டுமூடியைக் கழற்றினேன். டேங்கின் தலையில், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்பைச் சுற்றி, வளையல் அளவுக்கு ஒரு ஈரம் பளபளத்தது. பம்பை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. டேங்க் நிறைந்து, மேடும் ஏறினால்தான் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வரும். வந்து கசியும். கசிந்த இடத்தை ஒட்டி, விரல் தூரத்தில், பம்புக்கு மின்சாரம் போகிற வயர்களின் பிளக்.

மாப்பிள்ளையின் அம்மா மெல்ல வந்து என் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் ஒரு பங்கு என்றால் வியப்பு மூன்று பங்கு. விளக்கும் விரலும் கண்டுபிடிக்காததை, ஒரு மெத்தை, ஒரு தகடு இரண்டையும் தாண்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி காட்டிவிட்டாள். இத்தனை கூர்மையை அவளுக்கு யார் கொடுத்தது? அவளுக்குள் இருந்து யாரோ காவல் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஈரத்தைத் துடைத்துக் காயவிட்டு, புது வளையம் போட்டு, பம்பை இறுக்கினேன். மறுபடி டேங்கை நிரப்பி ராம்ப்பில் ஏற்றினேன். சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லண்ணே" என்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் வலி வந்தது. மாப்பிள்ளை ஓட்டினார், நான் பக்கத்தில். மேடு ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வலிகளுக்கு நடுவில் அவள் மூச்சை ஆழமாக இழுத்து, "வரல, நீ ரோட்டைப் பாரு" என்றாள்.

பெண் குழந்தை. என் மருமகள். கையைச் சுத்தமாகக் கழுவச் சொன்னார் நர்ஸ். நகத்துக்குள் எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

"மாமாகிட்ட வந்துட்டியா?" என்றேன்.

இன்னும் கண் திறக்காத அந்தப் பொடிசு மூக்கைச் சுருக்கியது. முகத்தை மெல்ல என் கையிலிருந்து அப்பால் திருப்பியது. திரும்பி நின்றது சரியாகத் தன் அம்மா படுத்திருந்த பக்கம். அங்கே அவள் இருக்கிறாள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணே, கையைக் கழுவினியா?"

"கழுவினேம்மா."

"அவளுக்குப் பத்தலையாம்."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் கை கழுவப் போனேன்.